அக்கா லீவில் இருக்கிறாள்

அக்கா இறந்து பதினேழாம் நாள் காலையில் ஹீட்டர் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் பெட்டியை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, சீட்டைப் பார்த்து அக்காவின் பெயரைப் படித்தான். "அவங்கதான் கையெழுத்துப் போடணும். இருக்காங்களா?"

"வெளிய போயிருக்காங்க," என்றான் கோட்டான். "நான் தம்பி. நான் போடறேன்."

"சரி, போடுங்க. மாட்டி முடிச்சதும் கடைக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஆயிரத்தெட்டு கேள்வி கேட்டாங்களாம். டாங்க் உருகுமா, பைப் பிச்சுக்குமான்னு."

"சொல்றேன்."

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தையைத் தேடினான், அது அகப்படவில்லை. பக்கத்தில் கிடந்த வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டான். வந்தவனும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

கோட்டான் என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் நிற்பான் என்று 'ஊமைக்கோட்டான்' என்று திட்டுவாள். நாளாக ஆக முன்பாதி தேய்ந்து பின்பாதி நிலைத்துவிட்டது. நாற்பதைத் தொட்ட பிறகும் அவனுக்கு அதுதான் பெயர். அக்காவின் கணவர் மட்டும் 'மாப்ள' என்பார்.

மூன்று பேருக்கும் ஒரே தொழில், ஜன்னல் கழுவுவது. ஏணி கிடையாது. வேனுக்குள் ஒரு பெரிய தண்ணீர் டாங்க், ஒரு மோட்டார், சுருட்டிவைத்த நீளக் குழாய். ஒன்றுக்குள் ஒன்றாக இழுபடும் கம்பு ஒன்று, அதன் உச்சியில் பிரஷ். குழாய்த் தண்ணீர் கம்பு வழியாக ஏறி பிரஷ்ஷில் பீய்ச்சும். உப்பையெல்லாம் வடிகட்டிய தண்ணீர் என்பதால் துடைக்க வேண்டியதில்லை; காய்ந்த பிறகு கண்ணாடியில் ஒரு புள்ளி தங்காது. தரையில் நின்றபடியே மூன்றாம் மாடி ஜன்னலைக் கழுவிவிடலாம். மாமாவும் கோட்டானும் வேனில் போவார்கள். யார் வீட்டுக்கு என்றைக்கு, எந்தத் தெருவை எதோடு சேர்ப்பது, எவர் வீட்டில் நாயைக் கட்டச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைப் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும்.

குளிர்காலத்தில் இந்தத் தொழில் ஆளைச் சோதிக்கும். குழாய் விறைத்துப்போய் வளைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கம்பு வழியாக ஒழுகும் தண்ணீர் நேராகக் கைக்குள் இறங்கும். மாமாவின் விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். போன குளிர்காலத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் அவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றதை அக்கா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரே பிடியாக, வேனில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் வைத்தே தீர வேண்டும் என்று நின்றாள். மாமா கேலி செய்தார். "நீ எந்நேரமும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டுத்தான் பறக்குற. அதுல கொஞ்சம் பிடிச்சு டாங்க்ல ஊத்துனாப் போதாதா?"

ஆர்டர் கொடுத்த மறுவாரம், குளியலறையில் தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அவ்வளவுதான்.

மாமா கதறினார். வந்தவர் போனவர் தோளிலெல்லாம் சாய்ந்து அழுதார். கோட்டான் நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான், வண்டிக்குச் சொன்னான். "கூடப் பொறந்தவ போயிருக்கா, இடிச்ச புளியாட்டம் நிக்கிறான் பாரு," என்று சித்தி அவன் காதுபடவே சொன்னாள். அவனுக்கு வலிக்கவில்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்கிறாள் போலிருந்தது.

மாமா ஹீட்டர் பெட்டியைப் பார்க்கவே மாட்டேன் என்றார். நாலு நாள் அது வாசலிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் கோட்டான் பிரித்தான். காகிதத்தில் போட்டிருந்தபடி டாங்குக்குப் பக்கத்தில் வேனின் தரையோடு சேர்த்து முடுக்கினான். டீசலில் எரிகிற அடுப்பு அது. புகை உள்ளே தங்கினால் ஆளையே கொன்றுவிடும் என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்ததால், தரையில் துளை போட்டுப் புகைக்குழாயை வெளியே விட்டான். இரண்டு முறை சரிபார்த்தான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. எல்லாம் முடிந்து குழாயைத் திறந்தபோது பிரஷ்ஷிலிருந்து ஆவி கிளம்பியது.

மாமா வெளியே வந்தார். இரண்டு கையையும் தண்ணீரில் நீட்டினார். "பார்க்காமப் போயிட்டாளே மாப்ள," என்று அப்படியே அழுதார்.

கோட்டான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு டிகிரி. சரியாக இருந்தது.

அக்காவின் போன் அத்தனை நாளும் அணைந்தே அவனிடம் கிடந்தது. மறுநாள் அதைப் போட்டதும் முதல் அழைப்பு, பள்ளிக்கூட அலுவலகத்து கிளார்க்கம்மா. "என்னங்க, மூணு வாரமா ஆளையே காணோம்? அந்தம்மா எங்க?"

"அக்கா லீவுல இருக்காங்க. புதன்கிழமை நாங்க வந்துடறோம்."

அடுத்து ஒரு பல் டாக்டர். அவரிடம், அக்கா உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். மூன்றாவது மருந்துக்கடைக்காரர். அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "எனக்கு அவங்ககிட்டப் பேசணும். போனைக் குடுப்பா," என்றார்.

"தொண்டை கட்டியிருக்கு சார். பேச முடியல."

"பேச முடியலேன்னா மெசேஜ் போடச் சொல்லு."

அக்காவின் பழைய மெசேஜ்கள் எல்லாம் போனில் இருந்தன. 'வணக்கம். நாளை காலை நம்ம ஆட்கள் வருவாங்க. பக்கவாட்டு கேட்டைத் திறந்து வைங்க. ஜன்னலை இறுக்கச் சாத்துங்க, அப்புறம் மெத்தை நனைஞ்சா என்னைத் திட்டாதீங்க.' அதை அப்படியே எடுத்து மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பினான். 'சரிம்மா, உடம்பைப் பார்த்துக்குங்க' என்று பதில் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருக்கு அனுப்பியிருந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. தினமும் வேலை முடிந்து வேனின் பின்னால் உட்கார்ந்து, மறுநாளைக்கு உரியவர்களுக்கு அக்காவாக எழுதினான். பதில்கள் வந்தன. யாரோ நன்றி சொன்னார்கள். யாரோ, வெந்நீரில் கழுவியதில் ஜன்னலே இல்லாதது போலிருக்கிறது என்று மெச்சினார்கள். 'அதான் சொன்னேன்ல' என்று அக்கா சொல்வது போலவே பதில் போட்டான். மாமாவுக்கு எதுவும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவர் ரோட்டையும், கம்பைப் பிடித்தால் கண்ணாடியையும் மட்டுமே பார்த்தார். வாடிக்கையாளர்களோடு பேசுவதை மாப்ள பார்த்துக்கொள்கிறான் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி.

நாற்பத்தோராம் நாள் மருந்துக்கடை முறை. கீழே கடை, மேலே வீடு. இரவெல்லாம் உறைபனி, வேனின் கூரையே வெளுத்திருந்தது. மேல்மாடி ஜன்னலில் புறாக்கள் எச்சத்தைப் போட்டுக் காயவைத்திருந்தன. பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் கால் மணி நேரம் போராட வேண்டும். கோட்டான் ஹீட்டரை அறுபதுக்கு ஏற்றிவிட்டு, கம்பை நீட்டினான். எச்சம் கரைந்து வழிந்தது.

மாமா கடை முன்பக்கம் கழுவிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கையில் ஒரு காகிதப் பையோடு வெளியே வந்து அவரிடம் நீட்டுவது, மேல்மாடி ஜன்னலிலிருந்து கண்ணை இறக்கியபோது கோட்டானுக்குத் தெரிந்தது.

"இந்தாங்க, உங்க வீட்டம்மாவுக்கு. வாயில போட்டுச் சப்பச் சொல்லுங்க, தொண்டைக்கு நல்லது. குரல் இன்னும் வரலியாமே? நேத்துக்கூட மெசேஜ்தான் போட்டாங்க."

மாமா பையை வாங்கினார். பையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கோட்டானைப் பார்த்தார்.

கோட்டானின் பிரஷ் கண்ணாடியின் ஒரே மூலையில் நின்றுவிட்டது. வெந்நீர் அந்த ஓரிடத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பழைய வீடு, மெல்லிய கண்ணாடி, இரவு முழுக்கப் பனியில் நின்றது. 'டிக்' என்று ஒரு சத்தம், நகத்தைச் சுண்டினாற்போல. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு ஓடியது.

"அடப் பாவி! என்னய்யா பண்ணிவச்சே?" மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். "கொதிக்கிற தண்ணியையா ஊத்துவாங்க? ஒனக்கு அறிவிருக்கா?"

"தப்புதான் சார். மாத்திக் குடுத்துடறோம்."

"நீ பேசாத. உன்கிட்டப் பேசறது சுவத்துக்கிட்டப் பேசற மாதிரி. அந்தம்மாவுக்குத்தான் பொறுப்பு உண்டு. குரல் இல்லேன்னாப் பரவால்ல, நான் சொல்றதைக் கேக்கட்டும்." போனை எடுத்து எண்ணைத் தட்டினார்.

கோட்டானின் சட்டைப் பையில் மணி அடித்தது.

மூன்று பேரும் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தார்கள். ஐந்து முறை, ஆறு முறை அடித்தது. அவன் அதை எடுத்து அணைத்தான்.

"அவங்க இல்ல சார்," என்றான். "செத்துட்டாங்க. நாப்பத்தோரு நாளாச்சு. மெசேஜ் எல்லாம் நான்தான் போட்டேன்."

மாமாவின் கையிலிருந்த பையைத் திரும்ப வாங்கப் போன மருந்துக்கடைக்காரர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "எப்படிப்பா... நேத்துக்கூட மெசேஜ் வந்துச்சே," என்றார். கண்ணாடியைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. உள்ளே போய்விட்டார்.

கோட்டான் மோட்டாரை நிறுத்தினான். குழாயைச் சுருட்டினான். உடைந்த கண்ணாடியை அளக்க உள்ளே ஏறிப்போய், அளந்து, கண்ணாடி வெட்டுகிறவருக்குப் போன் செய்தான். மத்தியானம் வந்து மாட்டிவிடுவதாகச் சொன்னார். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லாததால் வேனில் ஏறி மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் அடிக்கலாம். அவர் சாவியைத் திருகவில்லை.

"எத்தனை பேருக்குப் போட்ட?"

"எல்லாருக்கும்."

"அவளை மாதிரியேவா?"

"அவங்க போட்டதைப் பார்த்துத்தான் போட்டேன்."

"ஊருக்கெல்லாம் போட்டிருக்க," என்றார் மாமா. "எனக்கு ஒண்ணு போட்டிருக்கலாமேடா. பொய்யின்னு தெரிஞ்சாலும் படிச்சிருப்பேனே."

மாமா கோபமாகச் சொன்னாரா, ஏக்கத்தோடு கேட்டாரா என்றுகூடக் கோட்டானுக்குப் பிடிபடவில்லை. நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தான். பசித்தது, அவ்வளவுதான்.

"உனக்கு அழுகையே வரலியா மாப்ள?"

"வரல மாமா. வர வைக்கவும் தெரியல."

"வரலேன்னா விடு. நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதுக்கிட்டிருக்கேனே." முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அடுத்த வீட்டுக்கு அரை மணி தாமதம். ஹீட்டரை நாற்பதுக்கு இறக்கிவிட்டு இருவரும் கழுவினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். மெசேஜில் சொல்லக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும் என்று மாமா ஒரே நிபந்தனை வைத்திருந்தார். முப்பத்திநாலு பேர். முதல் நாலைந்து பேரிடம் வார்த்தை தடுக்கியது. பத்துப் பேரைத் தாண்டியதும் 'பஸ் போயிடுச்சு' என்று சொல்வது போல வந்தது. ஒருவர் விம்மினார். ஒருவர், பொய் சொன்னதற்கு வைதார், கேட்டுக்கொண்டான். பல் டாக்டர் மட்டும், "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை. "தெரியல டாக்டர். பல்லுக்கு ஊசி போட்டா மரத்துப்போகுமே, அப்படி," என்றான். அவர், "அப்போ சூடா எதையும் குடிச்சுடாதீங்க, சுட்டாலும் தெரியாது," என்றார். சொன்ன பிறகு அது வேடிக்கையாகப் போய்விட்டதோ என்று மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றான் கோட்டான். உண்மையிலேயே பரவாயில்லாமல் இருந்தது.

கடைசியாகப் பள்ளிக்கூட கிளார்க்கம்மா. "ஐயோ!" என்றாள். "அந்தக் குரலை இனிமே கேக்கவே முடியாதா?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க... புதன்கிழமை வருவீங்கள்ல? ஆய்வுக்கு ஆள் வராங்க," என்றாள்.

"வருவோம்," என்றான்.

போனை வைத்தபோது எதிரே மாமா தம்முடைய போனில் ஒற்றை விரலால் எதையோ குத்திக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு இனிமேல் தாமே எழுதப் போவதாகச் சொல்லி, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி நீட்டினார்.

'நாளை வருவோம். கேட் திறக்கவும்.'

"ஒரு வணக்கம் போடுங்க மாமா. போலீஸ் வர்ற மாதிரி இருக்கு."

"போட்டா நீண்டுடுமே."

"நீண்டாப் பரவால்ல."

மாமா போனை வாங்கி, 'வணக்கம்' என்ற வார்த்தையை எழுத்தெழுத்தாகத் தேடத் தொடங்கினார். கோட்டான் எழுந்து, நாளைக்கு டாங்க் நிரப்பக் குழாயைத் திறந்துவிடப் போனான்.