சிரிக்காத வாத்து

கோணியைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தபோதுதான் வெஸ்லி அதைப் பார்த்தான். காலையில் உறைந்த கடலின் விளிம்பில் நின்று சுட்ட ராஜவாத்துகளுக்கு நடுவே, ஒரு பெட்டை மட்டும் வேறு முகத்தோடு கிடந்தது. ராஜவாத்துப் பெட்டைக்கு வாயோரம் மேல்நோக்கி வளைந்திருக்கும். செத்துக் கிடந்தாலும் எதையோ நினைத்துச் சிரிப்பதுபோலவே இருக்கும். இது சிரிக்கவில்லை. கண்ணைச் சுற்றி வெளிறிய வட்டம், மூக்குத் துவாரம் வரை இறங்கிய மென்சிறகு. மூக்குக்கண்ணாடி வாத்து. கூடு கட்ட வருவதே வரவரக் குறைந்துபோனதால் யாரும் சுடக்கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டிருந்த இனம். அந்தக் கட்டுப்பாட்டுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியப் பேசியவன் வெஸ்லிதான்.

போன வருஷம் இதே தவறைச் செய்தவன் டெல்பர்ட், வெஸ்லியின் மனைவி யூனிஸின் தம்பி. அவன் அதை மறைக்கவில்லை. "மச்சான், தப்பு பண்ணிட்டேன், என்ன செய்யலாம்?" என்று பறவையை நேராக வெஸ்லியிடமே கொண்டுவந்தான். வெஸ்லி என்ன செய்தான்? அதை ஊர்க்கூட்டத்தில் தூக்கிக் காட்டி, "எங்க மாப்ளைக்குக் கண்ணு பின்மண்டையில இருக்கு" என்றான். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மூடுபனி என்று டெல்பர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெஸ்லி சொல்ல விடவில்லை. அதன்பிறகு டெல்பர்ட் வேட்டைக்கே வருவதில்லை. இன்று காலையும் மூடுபனிதான்.

யூனிஸ் குனிந்து பறவையைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"சரி விடுய்யா. இறகைப் பிச்சுட்டா எல்லாம் ஒண்ணுதான். சூப்புல கெடக்கறது சிரிக்குதா அழுவுதான்னு எவன் பாக்கப்போறான்?" என்றாள். பிறகு பானையைத் துடைத்தபடி, "தம்பி வீட்டுப் பங்கை முதல்ல எடுத்து வை. வேட்டைக்குப் போகாத வீடு" என்றாள்.

எவனும் பார்க்கமாட்டான் என்பதுதான் வெஸ்லியைச் சுட்டது. டெல்பர்ட்டுக்கும் போன வருஷம் அது தெரியாதா என்ன? ஒரு பானையும் கொஞ்சம் வெந்நீரும் அவன் வீட்டிலும் இருந்தன. நம்பி வந்தவனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று முதல்முறையாக வெட்கப்பட்டான். கொழுத்த ராஜவாத்துகள் இரண்டைப் பங்குக்கு எடுத்துக்கொண்டான். அந்தப் பெட்டையையும் தலையோடு எடுத்துக்கொண்டான்.

டெல்பர்ட் கதவைத் திறந்தான். ராஜவாத்துகளை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டையைக் கையில் வாங்கினான். கட்டைவிரலால் அலகை மெல்லத் தடவினான்.

"இது சிரிக்கலையே, மச்சான்."

"இல்ல."

"பனியா?"

"பனிதான், மாப்ளே" என்றான் வெஸ்லி. "அன்னிக்கு நீ சொல்ல வந்ததை நான் கேட்டிருக்கணும். நாளைக்குக் கூட்டத்துல இதை நீயே தூக்கிக் காட்டு. என்ன வேணா சொல்லு."

டெல்பர்ட் பறவையின் தலை தொங்காமல் உள்ளங்கையில் ஏந்தியபடி உள்ளே போனான். அந்தக் குளிரில் யாரும் கதவைத் திறந்துபோட மாட்டார்கள். அவன் சாத்தாமல் போயிருந்தான். உள்ளே வரச் சொல்கிறானா, மறந்துவிட்டானா என்று தெரியாமல் வெஸ்லி வாசலிலேயே நின்றான். அவனைத் தாண்டி மூடுபனி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.