ஒப்புக்கொண்டவர்கள் இருவர்

நம் ஊர்க் கனவான்கள் கவிதை எழுதுவார்கள். எழுதினேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். சொன்னால் கௌரவக் குறைச்சல். அதனால் பெயரில்லாத கவிதை ஒன்று காபிக்கடைக்கு வந்துவிட்டால், யார் "நான் இல்லை" என்று பலமாகத் தலையாட்டுகிறாரோ அவர் தலையில்தான் அது விடியும். ராஜா சார்லஸ் கடல் கடந்து திரும்பி வந்த நாளிலிருந்து லண்டனில் இதுதான் நடைமுறை, கண்ணுகளா.

அந்தக் குளிர்காலத்தில் என் கடை மேசைகளில் ஒரு கவிதை கைமாறிக்கொண்டிருந்தது. வென்ட்மோர் பிரபுவின் பொய்முடி மட்டும் தனியே பல்லக்கு ஏறிப் பார்லிமெண்டுக்குப் போனதாம். அங்கே பேசியதாம், ஓட்டும் போட்டதாம். பிரபு வரவில்லை என்பதை யாருமே கவனிக்கவில்லையாம். படித்தவர்கள் புரையேறிச் சிரித்தார்கள்.

எழுதியவன் எட்மண்ட் பிளோவர், வக்கீலிடம் பிரதி எடுக்கும் வேலை பார்ப்பவன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் யாரோ ஒருவர், கடைக்குத் தினமும் வரும் கிழவர் சர் ஆம்ப்ரோசைப் பார்த்து, "உங்க கைவரிசைதானே?" என்று கண்ணடிக்க, கூச்ச சுபாவமுள்ள அந்த மனிதர் முகம் சிவந்து, "ஐயையோ, நான் இல்லப்பா" என்றார். போதாதா? மறுநாள் ஊரே அவர்தான் என்றது.

பிரபுவுக்கும் செய்தி போயிற்று. அவருடைய ஆள் கேப்டன் ரஸ்க், இரண்டு தடியர்களோடு பட்டப்பகலில் கடைக்குள் நுழைந்தான். சர் ஆம்ப்ரோஸ் வாதத்தில் வீங்கிய காலை முக்காலியில் நீட்டியிருந்தார். ஓடவும் முடியாது, ஓர் அடி விழுந்தாலும் தாங்காது.

"பெரியவரே, கவிதை பிரமாதமாமே," என்றான் ரஸ்க்.

"நான் எழுதலைங்க. எனக்குப் பாட்டெல்லாம் வராது. என் நாய்க்கு ஒரு பேர் வைக்கவே வருஷம் ஒண்ணு ஆச்சு."

"எவ்வளவு அழகா மறுக்கிறார் பாருங்கடா. இவரேதான்."

பிளோவர் எழுந்து வந்தான். "அவரை விட்டுடுங்க. எழுதினது நான்."

ரஸ்க் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "பேர் வாங்க அலையறான். எழுதினவன் எவனாவது தடிக்கு முன்னால வந்து நான்தான்னு நிப்பானா?"

"சத்தியமா நான்தாங்க."

"போடா, போய் வக்கீல் பத்திரத்தை எழுது."

தடி உயர்ந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. காபிக் கூஜாவோடு குனிந்து, கிழவர் காதில், "ஆமான்னு சொல்லுங்க ஐயா" என்றேன்.

"பொய்யாச்சேம்மா?"

"சொல்லுங்க சாமி."

அவர் ரஸ்க் பக்கம் திரும்பினார். "ஆமா. ஒவ்வொரு வரியும் நான்தான் எழுதினேன். நல்ல கவிதைன்னு வேற நினைக்கிறேன்."

தடி அந்தரத்தில் நின்றது. ரஸ்கின் நெற்றி சுருங்கியது. "கனவான் எவரும் இப்படிச் சொல்லமாட்டாரே..." என்று இழுத்தான். "நீயும் நான்தாங்கற. இவரும் நான்தாங்கறார். அப்போ ரெண்டு பேரும் இல்ல." கடையை நோக்கித் திரும்பினான். "வேற யாரு?"

"நான் இல்ல," என்றது கடை மொத்தமும்.

ரஸ்க் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லா முகமும் எழுதின முகமாகவே தெரிந்திருக்க வேண்டும். "இத்தனை பேரை அடிக்க ஆள் பத்தாது," என்று முணுமுணுத்தபடி, பிரபுவைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனான். பிறகு வரவேயில்லை.

சர் ஆம்ப்ரோசைத் தாங்கிப் பிடித்துப் பல்லக்கில் ஏற்றிவிட்டோம். பிளோவர் மட்டும் நகரவில்லை.

"டாக்கெட்டம்மா, அதை நான்தானே எழுதினேன்?"

"நீதாம்பா. சத்தியமா நீதான்."

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "இவ்வளவு அடிச்சுச் சொல்றீங்களே," என்றான் மெதுவாக.

என்ன சொல்லி அவனைத் தேற்றுவது? இல்லை என்றால் ஆமாம் ஆகுமோ, ஆமாம் என்றால் இல்லை ஆகுமோ. அவன் கோப்பையை நிரப்பினேன்.