இரண்டு வெள்ளித் தொட்டிகள்

சுண்டுவிரல் நீளமுள்ள இரண்டு தொட்டிகளுக்கும் வெள்ளிப் பூச்சு அடித்துக் காயவைத்துவிட்டு அவள் மூன்றாம் முறையாக அளந்தாள். ஒன்று மற்றதைவிட அரை மில்லிமீட்டர் நீளம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே. பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி உப்புத்தாளை எடுத்தாள். மாலை வகுப்பு வாத்தியார் அவளுக்கு வைத்திருந்த பெயரே 'அரை மில்லி'. பகலெல்லாம் நில அளவை அலுவலகத்தில் குனிந்து வரைபடம் போடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வரும் என்று அவளும் அதை ஒப்புக்கொண்டுவிட்டாள்.

செவ்வாயும் வியாழனும் தொழிற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில், சிறு மாதிரிகள் செய்யும் வகுப்பு. மற்றவர்கள் கப்பல், ரயில் எஞ்சின், சொந்த வீடு என்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்க, அவள் ஏழு மாதமாக ஒரே விமானத்தோடு கிடந்தாள். அப்பா ஓட்டிய போர்விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது போரில் அந்த விமானத்தோடு விழுந்தவர் அப்பா. அவரை அவளுக்கு நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் சித்தப்பா சொன்ன கதைதான்.

சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை. அன்றைக்கு அப்பாவுக்குப் பக்கத்து விமானத்தில் பறந்தவர். போர் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைப்பு மணியை அழுத்தியவர், இருபத்து நான்கு வருடமாக எந்த ஞாயிறும் தவறவில்லை. அவளுக்குச் சைக்கிள் பிடித்தவர், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவர், நேர்முகத் தேர்வுக்குப் போனவளுக்காக வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றவர். "சண்டை போடப் போற பசங்க முதல்ல பையைத் தூக்கி எறிவாங்க இல்ல, அந்த மாதிரி," என்றுதான் கதை தொடங்கும். இறக்கைக்கு அடியில் தொங்கும் எரிபொருள் தொட்டிகள் பாரம். எதிரி கண்ணில் பட்டால் முதல் வேலையாக அவற்றைக் கழற்றி விட்டுவிடுவார்கள். "நானும் உங்கப்பாவும் ஒரே நேரத்துல கழட்டினோம். அவரோட தொட்டி ரெண்டும் வெயில்ல மின்னிக்கிட்டே கீழே போச்சு. நான் பார்த்தேன். அப்புறம்தான் அவர் திரும்பினார், நேரா அவங்க நடுவுல." சின்ன வயதில் தூங்கப் போகுமுன் 'மின்னிக்கிட்டே' என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்வாள்.

ஆகவே மாதிரியையும் அப்படித்தான் வரைந்திருந்தாள். மேலே சாய்ந்து திரும்பும் விமானம். கீழே, பீடத்திலிருந்து எழும் தலைமயிர் போன்ற இரண்டு கம்பிகளின் நுனியில் விழுந்துகொண்டிருக்கும் இரண்டு தொட்டிகள். அடுத்த மாதம் அம்மாவும் சித்தப்பாவும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள். இரண்டு வருடமாக அவர்கள் தயங்கத் தயங்க, பிடித்துத் தள்ளியவள் இவள்தான். "கையெழுத்துப் போட்ட அன்னைக்கு எனக்குப் பதவி உயர்வு உண்டா, இல்ல சித்தப்பாவாவே ஓய்வு பெறணுமா?" என்று அவர் கேட்டு அம்மாவைச் சிரிக்க வைத்தார். அவர் குடிவரும் நாளில் கூடத்தில் அந்த விமானம் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கண்ணாடிப் பெட்டியைத் தானே செய்வதாக அவர் சொல்லியிருந்தார்.

வால் எண்ணின் எழுத்து வடிவம் மட்டும் சரியாகத் தெரியவில்லை. விமானப்படை ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். வியாழக்கிழமை பழுப்பு உறையில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. வயல்வெளியில் வயிறு தரையில் படக் கிடக்கும் விமானம். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியை எடுக்காமல் இறக்கைவரை நகர்த்தினாள். வலது இறக்கைக்கு அடியில் நசுங்கிய தொட்டி, கொக்கியோடு. அவசரமாக அடுத்த படத்தை எடுத்தாள். இடது இறக்கைக்கு அடியிலும். இரண்டும் மங்கிய சாம்பல் நிறம். மின்னுவதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை.

தன்னைச் சந்தேகிப்பதுதான் அவளுக்கு முதலில் வரும். நோட்டில் வரிசையாக எழுதினாள்: வேறு விமானமாக இருக்கலாம். எண்ணைப் பார்த்து அடித்தாள். தொட்டியாக இல்லாமல் குண்டாக இருக்கலாம். வரைபடத்தோடு ஒப்பிட்டு அடித்தாள். கொக்கி கழலாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். இதை அடிக்க மனம் வராமல் அன்று மாலை வாத்தியாரிடம் கொண்டுபோனாள். அவர் இருபது வருடம் போர்விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர்.

"ஒண்ணு மாட்டிக்கும்மா. எத்தனை கொக்கியைத் திட்டிக்கிட்டே எண்ணெய் போட்டிருக்கேன். ரெண்டும் மாட்டிக்கிறது அபூர்வம்." படங்களை விளக்கருகே கொண்டுபோனார். "இவர் தொட்டியைக் கழட்டற பொத்தானையே அமுக்கலைன்னு நினைக்கிறேன். எதிரி வந்ததே தெரிஞ்சிருக்காது."

"பக்கத்துல இன்னொருத்தர் பறந்தார் சார்."

"அப்ப அவர் சொல்லியிருக்கணுமே. ஜோடியாப் பறக்கறதே ஒருத்தர் முதுகை இன்னொருத்தர் பார்க்கறதுக்குத்தான்." படங்களைத் திருப்பிக் கொடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவர்?" என்றார். அன்று அவர் அவளை அரை மில்லி என்று கூப்பிடவில்லை.

கொக்கி மாட்டிக்கொண்டதாகவே வைத்துக்கொண்டாலும், கீழே மின்னிக்கொண்டு போனது எது? அந்த ஒரு கேள்விக்கு நோட்டில் எதிர்வரி எழுத முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் படங்களைத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். அம்மா குனிந்து பார்த்தாள். எண்ணைப் பார்க்கவில்லை, நேராக இறக்கையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"நீ நினைச்ச மாதிரியே கம்பியில வச்சிடேன். அதுதான் அழகா இருக்கும்."

"உனக்குத் தெரியும்."

"நீ ரெண்டாவது படிக்கும்போது சொன்னார். இந்தக் கட்டில்லதான், குழந்தை மாதிரி அழுதார்."

"என்னன்னு?"

"பின்னாடி வந்ததை அவர்தான் முதல்ல பார்த்தார். தன்னோடதைக் கழட்டிட்டுத் திரும்பிட்டார். ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லணும். வாய் வரலையாம். ஒரே ஒரு வார்த்தை." அம்மா இல்லாத சுருக்கத்தை நீவினாள். "ஒரு வருஷம் நான் அவரை வாசல்ல நிறுத்தியே அனுப்பினேன். உனக்கு ஞாபகம் இருக்காது."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் சித்தப்பா கதையை வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார். அப்போதும் தொட்டிகள் மின்னின.

"எனக்கு எப்பம்மா சொல்றதா இருந்தீங்க, ரெண்டு பேரும்?"

"நீ எப்பவும் அந்தக் கதையைத்தானே கேட்டே."

"எனக்கு அது கதைன்னு தெரியாதே."

"நான் மன்னிச்சிட்டேன்டி. என் புருஷன், நான் மன்னிச்சிட்டேன். பதினஞ்சு நாள்ல பதிவு. இப்ப இதைக் கிளப்பாதே."

அவளுக்கு அவர் பயந்ததுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த உயரத்தில் தனக்கும் வாய் அடைத்துப் போயிருக்கலாம். அரை மில்லிமீட்டருக்கே மூன்று முறை அளக்கிறவள். நெஞ்சை அறுத்தது அந்த 'மின்னிக்கிட்டே'தான். அவளுக்காகவே தீட்டி, அவள் கேட்கக் கேட்க இரண்டு தடவை கொடுத்தது. அவர் அதை ஊட்டும்போது பக்கத்து அறையில் அம்மா இப்படித்தான் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாள். அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அவளுடைய அப்பாவை இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

"என் அப்பாவுக்காக, எனக்கும் சேர்த்து நீ எப்படிம்மா அவரை மன்னிப்பே?" என்றாள். அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சித்தப்பா கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். காலணியைக் காலாலேயே தள்ளிக் கழற்றினார். "உன் தொட்டிங்க விழறதுக்கு இடம் வேணும்னு ஒரு சாண் உயரம் கூட்டியிருக்கேன். அளந்து பாரு, குறை கண்டுபிடிச்சா நான் கண்ணாடிக் கடைக்காரன் மேல பழி போட்டுடுவேன்," என்றார்.

"நீங்களே வச்சுப் பாருங்க," என்றாள். எப்போதும் வாக்கியத்தின் கடைசியில் வரும் 'சித்தப்பா' என்ற சொல் வரவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரி இல்லை. சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள்.

பெட்டியைத் தூக்கி மாதிரியின் மேல் இறக்கப் போனவர் பாதியில் நின்றார். வால் எண் சரியாக இருந்தது. சாய்வு சரியாக இருந்தது. இறக்கைகளுக்கு அடியில் இரண்டு தொட்டிகளும் சாம்பல் நிறத்தில், ஒட்டிய இடம் தெரியாதபடி ஒட்டியிருந்தன. அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்க முயன்றார்.

"இறக்குங்க," என்றாள். "கை வலிக்கும்."

அவர் மெல்ல இறக்கினார். பெட்டி பீடத்தில் இம்மி பிசகாமல் பொருந்தியது. உள்ளே, விமானத்துக்குக் கீழே அவர் கூட்டி வைத்த அந்த ஒரு சாண் இடத்தில், அவள் வெட்டாமல் விட்ட இரண்டு கம்பிகள் நுனியில் ஒன்றுமில்லாமல் நின்றன. கண்ணாடியில் இருந்த அவர் கையின் நடுக்கம் பீடத்துக்கு இறங்க, அவை அசைந்துகொண்டே இருந்தன. ஜன்னல் வெயில் பட்டு, ஒருமுறை இதுவும் ஒருமுறை அதுவுமாக மின்னின.