கமென்டரியின் சொந்தச் சரக்கு

பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிற அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவன் கமென்டரி. மதியம் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்தான் என்றால் போதும், போர்மேன்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். டென்னிஸா, பேஸ்பாலா, பாஸ்கெட்பாலா, எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் தயாராக இருக்கும்.

"இப்பல்லாம் பாஸ்கெட்பால்ல தூரத்துல நின்னு மூணு பாயின்ட்டுக்கு எறியறதே பொழப்பாப் போச்சு. கூடைக்குக் கீழே நின்னு முட்டி மோதி ஆடறவன் ஒருத்தன் இருக்கானா, சொல்லுங்க" என்பான். பெயின்டர் சோற்றை மெல்ல மறந்து கேட்டுக்கொண்டிருப்பான். "பேஸ்பால்ல அதே பிட்சர் மூணாவது தடவையா அதே ஆளுக்குப் பந்து போடறப்போ, அடிக்கறவனுக்குக் கண்ணு பழகிடும். அதுக்கு முன்னாடியே மாத்திடணும். டீம் மேனேஜருக்கு இது புரியலையே" என்று நெற்றியைத் தடவுவான், ஏதோ அந்த மேனேஜர் இவனைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டதைப் போல.

நம் ஆளுக்கு இதில் ஒன்றுகூடச் சொந்தச் சரக்கு இல்லை. ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் சோபாவில் குறட்டை விடுகிற ஜென்மம் அது. பார்ப்பதெல்லாம் அவன் மனைவி. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கை பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும், கண் டிவியில் இருக்கும். அவன் வேலை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், அன்று பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லுவாள். அவன் "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். மறுநாள் மதியம் அத்தனையும் சாப்பாட்டு அறையில் அவன் வாயால் வரும்.

இதுவாவது போகட்டும் என்று விடலாம். ஊரில் எத்தனையோ பேர் அடுத்தவர் சொன்னதைத்தான் அடித்து விடுகிறார்கள். ஆனால் இவன் செய்த காரியம் வேறு. "நான் சொன்னதை அங்கே சொன்னீங்களா?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது, "ஓ, சொன்னேனே. என் வீட்டுக்காரி இப்படிச் சொல்றான்னேன். போர்மேன் அப்படியே ஒத்துக்கிட்டாரு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அதையே வழக்கமாக்கிக்கொண்டான். மூன்று வருடம். பெயின்டர் மறுத்துப் பேசினால் அதையும் இவன் வீட்டுக்குக் கொண்டு வருவான். அவள் அதற்கு யோசித்துப் பதில் கொடுத்து அனுப்புவாள்.

பணிமனை டிவி கெட்டுப்போன வாரத்தில்தான் பாஸ்கெட்பால் இறுதி ஆட்டம் வந்தது. ஞாயிறு பகலில். "உன் வீட்டுக்கே வந்துடறோம்யா, உன் பக்கத்துல உக்காந்து பாத்தா அதோட ருசியே தனி" என்றார் போர்மேன். முடியாது என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. வீட்டில் சொன்னதும் அவள் பூரித்துப் போனாள். சனிக்கிழமையே மொத்தத் தையலையும் முடித்துவிட்டு, ஞாயிறு காலையில் தலை வாரி, வெளியே போகும்போது உடுத்துகிற உடுப்பை உடுத்திக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட்டாள். அது அவளுக்கு.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததை மென்று விழுங்கினான்.

போர்மேன், பெயின்டர், எலக்ட்ரீஷியன் மூவரும் வந்தார்கள். அவள் காபி கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்மேன் அன்பாகத்தான் சொன்னார்: "உனக்கு இதெல்லாம் போர் அடிக்குமேம்மா. எங்களுக்காக உக்காந்திருக்க வேண்டாம், போய்ப் படுத்துக்கோ."

அவள் சிரித்தபடி கணவனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான்.

மூன்றாவது கால் பகுதி முடிகிற நேரம். சிவப்பு அணியின் நெட்டை ஆட்டக்காரன், யாரும் தடுக்காமல் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ இரண்டையும் தவறவிட்டான். "அவனை வெளியே உட்கார வெச்சுடணும். ரெண்டு பந்தும் வளையத்தோட முன்பக்கம்தான் பட்டுது. கால்ல தெம்பு போயிடுச்சு" என்றாள் அவள்.

"அண்ணி, கொஞ்சம் இருங்க, கமென்டரி அண்ணன் சொல்லட்டும்" என்றான் பெயின்டர். கிண்டல்கூட இல்லை, அவசரம்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

மூன்று பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். 'அவ சொல்றது சரிதான்' என்று மூன்று வார்த்தை. அதைச் சொல்லத் துப்பில்லை அவனுக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"கால் போயிடுச்சு. பந்து முன் வளையத்துல படுது பாருங்க. உட்கார வெச்சுடணும்."

"அப்படிப் போடு" என்று தொடையில் தட்டினார் போர்மேன். "பரவால்லம்மா, உன் வீட்டுக்காரர் பேசறதைக் கேட்டுக் கேட்டு நீயும் கொஞ்சம் பிடிச்சுக்கிட்ட போல."

பெயின்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அண்ணி, அண்ணன் ஒண்ணு சொன்னாரு பாருங்க, இன்னும் மறக்க முடியல. அந்த இடது கை டென்னிஸ்காரன் நடு சீசன்ல சர்வ் போடற முறையை மாத்தினானே? 'பிரிச்சுத் தைச்ச துணி மாதிரி, இழுத்தா அங்கதான் முதல்ல விடும்'னாரு. அப்படியே ஆச்சு. பிரேக் பாக்கற மனுஷனுக்கு எங்கேருந்து வருது இதெல்லாம்?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிரேக் பார்க்கிறவன் வாயில் தையல் எப்படி வந்தது என்று இந்த மூன்று தடிமாடுகளில் ஒருவனுக்காவது சந்தேகம் வரக்கூடாதா என்று ஏங்கினான். வரவில்லை. அவள் எழுந்து போய், ஏற்கெனவே தைத்து மடித்து வைத்திருந்த திரைச்சீலை ஒன்றை எடுத்து, சுவர் ஓரமாக உட்கார்ந்து நூல் பிசிறுகளை வெட்ட ஆரம்பித்தாள். கடைசி வரை தலை நிமிரவில்லை. நெட்டையனை உட்கார வைக்காத சிவப்பு அணி தோற்றது. கமென்டரி சொன்னபடியே ஆயிற்று என்று மூவரும் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் தம்ளர்களைக் கழுவினாள். அவன் சமையலறை வாசலில் நின்றான். உள்ளங்கால் வரை கூசியது.

"நாளைக்கே சொல்லிடறேன்மா. எல்லாம் நீ சொன்னதுதான்னு."

"வேண்டாங்க."

"இல்ல, நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

"என் பேரைச் சொல்லலைன்னா சொல்லலை, போகுது. ஆனா மூணு வருஷமா நான் நாலு பேரோட பேசிட்டிருக்கேன்னு நெனச்சுட்டிருந்தேன். துணியைத் தைக்கறப்பல்லாம், பெயின்டர் இப்படிக் கேப்பான், அதுக்கு என்ன பதில் சொல்லலாம்னு யோசிச்சுட்டே தைப்பேன். பாத்தா, அங்க யாருமே இல்ல. நான் பாட்டுக்குத் தனியாப் பேசிட்டிருந்திருக்கேன்." குழாயை மூடினாள். "இப்ப போய் சொன்னீங்கன்னா அது எனக்குப் போடற பிச்சை. சொல்லாதீங்க."

அவள் அத்தனை தெளிவாகச் சொல்லியும் மனுஷன் கேட்டானா? தன் நெஞ்சில் இருக்கிற முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு. அவளுக்காகத்தான் சொல்கிறோம் என்று தன் காதிலேயே பூச்சுற்றிக்கொண்டு, மறுநாள் மதியம் டப்பாவைத் திறக்காமலே எழுந்து நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும். நான் இத்தனை நாளாப் பேசினதெல்லாம் என் வீட்டுக்காரி சொன்னது. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஆட்டமே பாக்கறதில்ல, தூங்கிடுவேன்."

அறையே சிரித்தது.

"நேத்து நாங்க போனப்புறம் வீட்ல செம டோஸ் போல" என்றான் எலக்ட்ரீஷியன்.

"நல்ல மனுஷன்யா. பொண்டாட்டி மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறான் பாரு" என்றார் போர்மேன். அந்தப் பாராட்டு அவனைச் செருப்பால் அடித்தது போல் இருந்தது.

"நம்பலையா? இருங்க." போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தான். தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் முதலில் வந்தது, பிறகு அவள் குரல்.

"சொல்லுங்க."

"நேத்து ராத்திரி பேஸ்பால்ல அந்த பிட்சரை ஏன் அவ்வளவு சீக்கிரம் மாத்தினாங்க? கொஞ்சம் சொல்லும்மா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க, கேட்டுட்டு இருக்காங்க."

இயந்திரம் நின்றது. யாரும் மெல்லவில்லை. அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொல்லு, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினான்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் அவள், மிகச் சாதாரணமாக. "நான் அதெல்லாம் பாக்கறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. போனை வைத்துவிட்டாள்.

"சரி விடு கமென்டரி, போதும்" என்று போர்மேன் அவன் தோளில் கை போட்டு உட்கார வைத்தார். "நீயே சொல்லு. ஏன் மாத்தினாங்க?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றான் அவன்.

அதற்கும் சிரித்தார்கள்.