நகர்த்திய கோடு

பங்குகளை விற்கும் ஆர்டரைப் போட்டுவிட்டு, சந்தை திறப்பதற்காக அவள் ஆஸ்பத்திரி அறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் கணவர் கண்மூடிக் கிடந்தார். மூன்றாவது சுற்று மருந்துக்கு இன்றே முன்பணம் கட்டியாக வேண்டும். மிச்சமிருந்தவை அந்த வங்கிப் பங்குகள் மட்டும்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஏத்த இறக்கம் எங்களுக்குப் புதுசா?" என்று சொல்லிக்கொண்டே அவள் பேரில் பங்கு வாங்குவார். கம்பெனி லாபத்தில் பங்காக டிவிடெண்ட் வந்தால், "உக்காந்த இடத்துல சம்பளம்!" என்பார். ஸ்டாப் லாஸ் என்றால் என்ன என்பதையும் சாப்பாட்டு மேசையில் அவர்தான் அவளுக்குச் சொன்னார். இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்று, புத்தி தெளிவாக இருக்கும்போதே போட்டுவைக்கும் கோடு. ஆனால் விலை அதை நெருங்கினால் போதும், கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்திவிடுவார்.

"உங்க கோடு பாதாளத்துக்கே போயிடும் போலிருக்கு. நகத்தறதுக்கு எதுக்குப் போடணும்?" என்று அவள் கேலி செய்வாள்.

நோய் தெரிந்த வாரம், அதே மேசையில் சொன்னார்: "எனக்கும் ஒரு கோடு போட்டுடுவோம். ரெண்டு சுற்று மருந்து. அதுல கேக்கலைன்னா வீட்டோட இருந்துடறேன். நீ நகத்தக் கூடாது, முதலாளியம்மா."

அன்று அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். சரி என்ற சொல் அவளுக்குச் சுலபமாக வந்தது.

இரண்டு சுற்றும் முடிந்தன. கேட்கவில்லை. "இன்னொண்ணு குடுத்துப் பாக்கலாம், ஆனா நம்பிக்கை குடுக்க முடியாது," என்றார் டாக்டர். முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

"விக்கப் போறியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஒரே ஒரு தடவைங்க..."

"நானும் இப்படித்தான் சொல்வேன். அப்போ என்ன திட்டு திட்டுவே!" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்து சிரிப்பை வாங்கிக்கொண்டது.

"அது வெறும் பங்குங்க."

"அதான் சொல்றேன். பங்குக்கு வலிக்காது. எனக்கு வலிக்குதும்மா."

அவர் பேராசையால் நகர்த்துகிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இழந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு கணத்தைத் தள்ளிப்போடத்தான் கை அப்படிப் போகிறது என்பது இப்போதுதான் புரிந்தது. இப்போது அவள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளுக்கும் வலியால் விலை கொடுப்பவர் அவர்.

போனில் அந்த ஆர்டரைத் தொட்டாள். ரத்து செய்யவா என்று கேட்டது. அவள் நெடுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு 'ஆம்' என்பதை அழுத்தினாள். பிறகு வாசலில் போன நர்ஸைக் கூப்பிட்டு, "இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். டாக்டர்கிட்ட சொல்றீங்களா?" என்றாள்.

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

"நம்ம பில்டிங் லிஃப்ட் ஓடுதா?"

"ரெண்டு நாளா நிக்குதாம். மாடி வரைக்கும் உங்களைத் தூக்கிட்டுப் போக ஆள் சொல்லணும்."

"நான் இல்லைன்னா அதை எவன் பாக்கறான்! போனதும் பாக்கறேன்," என்றார், தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியாதவர்.

"சரிங்க," என்றாள்.