சூப்பர்வைசர் மூன்று முறை விழுந்த நாள்

எழுபத்தெட்டாம் வருஷம், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அங்கே கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. காலையில்தான் சென்னைப் பொறியாளர் கிருபாநிதி புது டேப்பை ஏற்றிச் சூப்பர்வைசரை மாற்றியிருந்தார். சூப்பர்வைசர் என்றால் ஆள் இல்லை. மற்ற எல்லா புரோகிராமையும் மேய்க்கிற தலைமைப் புரோகிராம். அது விழுந்தால் மெஷின் வெறும் இரும்பு அலமாரிதான்.

மேனேஜர் வன்னியபெருமாள் வந்து சத்தம் போட்டார். "திங்கக்கெழம எந்தத் தோணி சரக்கு ஏத்திக்கிட்டு எந்தக் கப்பலுக்குப் போவணும்னு லிஸ்ட் வேணும். யார் தப்புன்னு அஞ்சு மணிக்குள்ள பேரு வேணும். அந்த ஆளு அப்புறம் இந்த வாசல மிதிக்கப்படாது."

டேப் தப்பென்றால் கிருபாநிதி. இல்லையென்றால் மெஷினை ஓட்டும் பிளாரன்ஸ். வேறு யார் இருக்கிறார்கள்? பிளாரன்ஸுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. பயம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷின் விழுந்த நொடியில் அதன் நினைவகத்தில் இருந்த எண்களையெல்லாம் பிரிண்டர் கக்கியிருந்தது. அந்தத் தாள்களைத் தரையில் விரித்து உட்கார்ந்ததும் பயம் எங்கேயோ போய்விட்டது. அந்தப் பெண்ணின் கிறுக்கு அப்படி.

"மூணு தடவையும் வேற வேற வேலையில விழுந்திருக்கு. பொதுவா ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் கிருபாநிதி.

"இருக்கு சார்! இங்கன பாருங்க." அவள் விரல் தாளுக்குத் தாள் தாவியது. "மூணுலயும் இந்த எண்ணிக்க ஏழுல நிக்கி. எத ஏழு வரைக்கும் எண்ணுது?"

"கிழமைய. புது சூப்பர்வைசர் வாரம் முழுசுக்கும் தோணி அட்டவணையப் பார்த்து, ஒவ்வொரு கிழமைக் கட்டத்துலயும் ஒரு குறி எழுதிவைக்கும். பழசு அன்னிக்குள்ள கட்டத்த மட்டும் படிக்கும், எழுதாது."

பிளாரன்ஸ் துள்ளி எழுந்தாள். தோணி அட்டவணையைப் பழைய சூப்பர்வைசருக்குள் சேர்த்ததே அவள்தான்; காலையில் புதியதிலும் அதையே ஏற்றியிருந்தார்கள். அவளுடைய அப்பா தோணி ஓட்டும் தண்டல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவார்களே தவிர, அவர்கள் தெருவில் ஒருவரும் கடலுக்குப் போனதில்லை. அதனால் வாரத்துக்கு ஆறு கட்டம்தான் போட்டிருந்தாள். ஏழாவது ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நினைவகத்தில் ஆறாவது கட்டத்துக்கு அடுத்து இருந்தவை சூப்பர்வைசரின் சொந்தக் கட்டளைகள். இல்லாத ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப்போன புது சூப்பர்வைசர், தன் கட்டளை மேலேயே குறியை எழுதித் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது. கெட்டுப்போன அந்தக் கட்டளையை எந்த வேலை முதலில் தொட்டதோ, அதில் விழுந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! என் தப்புதான் சார், என் தப்பேதான்!" லாட்டரி விழுந்தவள் போலக் கத்தினாள். வாசலில் வன்னியபெருமாள் நிற்பதைக் கத்தி முடித்த பிறகுதான் பார்த்தாள்.

ஏழாவது கட்டத்தைச் சேர்த்து, அதில் பூஜ்யம் போட்டு ஏற்றினார்கள். விளக்குகள் மினுங்கின. பிரிண்டர் தடதடவென்று திங்கட்கிழமைத் தோணிகளை அடிக்கத் தொடங்கியது. கிருபாநிதி சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

பிளாரன்ஸுக்கு அப்போதுதான் மேனேஜர் ஐந்து மணிக்குள் கேட்ட பேர் நினைவுக்கு வந்தது. "சார், பேரு கேட்டிய. எழுதிக்கிடுங்க," என்றாள்.

வன்னியபெருமாள் அறிக்கைத் தாளை எடுத்து எழுதினார். தப்புச் செய்தவர்: பிளாரன்ஸ். கண்டுபிடித்தவர்: பிளாரன்ஸ். எழுதிய இரண்டு வரியையும் மேலும் கீழுமாகப் படித்தார்.

"ஏளா, மேல இருக்கவள வெரட்டுனா கீழ இருக்கவளும் கூடப் போயிருவாளே," என்றார். "திங்கக்கெழம எட்டு மணிக்கெல்லாம் வந்துரு."