பல் டாக்டர் பெயரில் ஒரு சாலை

பாலத்திலிருந்து ரயில்வே கேட் வரை போகும் சாலையில் யார் எந்தக் குப்பையைப் போட்டாலும், அது போட்டவர் பின்னாலேயே வீட்டுக்குப் போய்விடும். முதலில் போனது தையல்காரர் வீசிய ஒரு காகிதக் கோப்பை. அது அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் உருண்டு, சிக்னலில் அவரோடு நின்று, வீட்டு வாசலில் வந்து காத்திருந்தது. அவரே குனிந்து எடுத்துத் தொட்டியில் போட்ட பிறகுதான் அடங்கியது. அடுத்து பிளாஸ்டிக் பைகளும் பழத்தோல்களும் காலி பாட்டில்களும் தத்தம் ஆட்களைத் தேடிப் போகத் தொடங்கின. ஒரு லாரி டிரைவருக்குத் துணையாக ஒரு சோடா பாட்டில் பக்கத்து மாவட்டம் வரை போய் வந்தது. ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்துச் சளி மாதிரி எடுத்துக்கொண்டு, ஜனங்கள் தொட்டியைத் தேடிப் போய்ப் போட ஆரம்பித்தார்கள். திருந்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே என்ற பயம்தான்.

இதனால் பிழைப்புக் கெட்டது ஒரே ஒரு கூட்டத்துக்கு. அந்தச் சாலையைத் தத்தெடுத்திருந்த துப்புரவுத் தொண்டர்கள் சங்கத்துக்கு. சங்கத்தின் தலைவர் பல் டாக்டர், செயலாளர் அவருடைய மச்சினன். உறுப்பினர்கள் போட்டிருந்த பச்சை மேல்சட்டையின் முதுகில் டாக்டருடைய கிளினிக்கின் போன் நம்பர் பெரிதாக இருக்கும். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார்கள். டாக்டர் நீளமான இடுக்கியால் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பார், மச்சினன் அதை எல்லாக் கோணத்திலும் படம் எடுப்பான், பிறகு அதே பாட்டில் அடுத்த உறுப்பினரின் இடுக்கிக்கு மாறும். ஊர் எச்சிலைப் பொறுக்கிய இந்த மனிதர் வீட்டில் சாப்பிட்ட தட்டை ஒருநாளும் எடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது சாலை நக்கி வைத்த தட்டு மாதிரி கிடந்தது. தொண்டர்கள் இடுக்கியை ஆட்டிக்கொண்டு பாலத்துக்கும் கேட்டுக்கும் நடந்துவிட்டு, வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான், சிறப்பாகச் சேவை செய்யும் சங்கத்தின் தலைவர் பெயரையே சாலைக்கு வைப்பதாக நகராட்சி அறிவித்தது. டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. கூடப் படித்தவன் ஒருவன் பெயரில் ஏற்கெனவே ஒரு பூங்கா இருந்தது, அதைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். ஆனால் நேரில் பார்க்க வரும் அதிகாரிக்குச் சேவையைக் காட்டியாக வேண்டும். சுத்தமாக இருக்கும் சாலையில் என்ன சேவையைக் காட்டுவது? முந்தின நாள் சாயங்காலம் அவரும் மச்சினனும் வீட்டுக் குப்பையோடு கிளினிக் குப்பையையும் சேர்த்து மூட்டை கட்டிக் காரில் ஏற்றினார்கள்.

"நம்ம குப்பையக் கொண்டுபோய் ரோட்டுல போடப் போறீங்களா?" என்று டாக்டரின் மனைவி கேட்டாள்.

"போடல. கொஞ்ச நேரம் வெச்சுட்டு நாங்களே எடுத்துடுவோம்."

"பின்னாலயே வந்துடுமேங்க."

"அது குப்பை போடுறவங்களுக்கு. நாங்க தொண்டர்கள்."

"மாமா சொல்றது சரிதான்க்கா," என்றான் மச்சினன்.

மறுநாள் காலையில் டாக்டர் தன் கையாலேயே, படத்துக்கு எது எங்கே இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சாலை நெடுகப் பரப்பினார். அதிகாரி வந்தார். தொண்டர்கள் பாய்ந்து பொறுக்கினார்கள், மூட்டைகள் நிறைந்தன, அதிகாரி இரண்டு வார்த்தை பாராட்டிப் பேசினார். எல்லாம் முடிந்து டாக்டர் காரைக் கிளப்பியதும் மூட்டைகளின் முடிச்சுகள் தானாக அவிழ்ந்தன. முதலில் ரப்பர் கையுறைகள் இறங்கின, பின்னால் பஞ்சு உருண்டைகள், வெங்காயத் தோல், கடைசியாகச் சிகிச்சைக்கு வந்தவர்களின் வாயில் அச்செடுத்து வார்த்த மாவுக்கட்டுப் பல்வரிசைகள். அவை கடகடவென்று தாடையை அடித்துக்கொண்டு, இடது ஓரமாக ஒழுங்காகக் காருக்குப் பின்னால் போயின. அவற்றுக்குப் பின்னால் அதிகாரியின் ஜீப் போயிற்று. முன்பல் ஒன்று கோணலாக இருந்த கீழ்த்தாடையை அதிகாரி உற்றுப் பார்த்தார். பிறகு நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மனைவி கேட்டை அகலமாகத் திறந்து வைத்தாள். "வந்தவங்கள வெளியில நிக்க வெக்காதீங்க. தெருவே பாக்குது," என்றாள். டாக்டர் அன்று மதியம் முழுக்கக் குனிந்து குனிந்து எடுத்துப் போட்டார். அவள் உதவிக்கு வரவில்லை, வர வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் பெயர் அவருக்கே கிடைத்தது. உத்தரவும் அழைப்பிதழும் முன்பே அச்சாகியிருந்தன. ரத்து செய்வதானால் காரணம் எழுத வேண்டும், தன் கீழ்த்தாடையைப் பற்றிக் கோப்பில் எழுத அதிகாரிக்கு மனமில்லை. பாலத்து முனையில் குழி தோண்டி, பெயர்ப் பலகையை டாக்டரே தன் கையால் நட்டு, சிமெண்டு போட்டு, கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் உண்மையானது, அதைக் கேலி செய்ய எனக்கே வாய் வரவில்லை. விழா முடிந்து அவர் கார் கிளம்பியதும் பலகை குழியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு, காலில் சிமெண்டுக் கட்டியோடு தொம் தொம்மென்று அவர் பின்னால் நடந்து வந்து வாசலில் நின்றது. நகராட்சி ஆட்கள் திரும்பக் கொண்டுபோய் நட்டார்கள். திரும்ப வந்தது. சாலைக்கு அது என்னவாகத் தெரிந்தது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது, டாக்டருக்கும்தான்.

"எடுத்துத் தொட்டியில போட்டுடுங்க, விட்டுடும்," என்றாள் மனைவி.

"அதுல என் பேரு இருக்குடி."

"உங்க கையாலதான் போடணும், வேற யாரு போட்டாலும் கேக்காது."

அவர் போடவில்லை. காலையில் அவர் கிளினிக்குக் கிளம்பினால் அதுவும் கிளம்புகிறது. நோயாளிகளின் செருப்புகளுக்குப் பக்கத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் அவரோடு திரும்பி வருகிறது. வழியில் போகிறவர்கள் ஒதுங்கி, முதலில் டாக்டருக்கும் பிறகு அவர் பெயருக்கும் வழி விடுகிறார்கள்.